மைனஸ் எண்பது

நூற்று நாற்பத்து மூன்று
சொல்லாமல் வந்து நின்றாள்
ஆய்வுக்கூட வாசலில்,
செருப்பை வெளியே விட்டுவிட்டு.

எங்கள் அட்டவணையில் அவள்
தொடர்பு அறுந்தவர் பத்தியில் இருந்தாள்.
மூன்று முறை அழைத்தேன்.
அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது ஒரு குரல்.
அப்புறம் பென்சிலால் ஒரு கோடு.

பெயர் எழுதுவதில்லை நாங்கள், எண்தான்.
"ஒச்சம்மா" என்றாள் அவளே. "உத்தப்பநாயக்கனூர்."

இருபத்தெட்டாவது வாரம்.
கழற்ற வராத மெட்டியைக் கட்டர் வைத்து அறுத்த கால்கள்.
கண்ணுக்குள்ள மின்மினி பறக்குதுன்னு
செக்கானூரணி தாண்டும்போது பஸ்ஸில் சொன்னாளாம்.
வெயிலுக்கு அப்படித்தான் என்றாராம் பக்கத்து சீட்டு.
நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து.
சிறுநீரைச் சூடாக்கியதும்
வெள்ளையாய்த் திரண்டு நின்ற புரதம்.
வலிப்பு, இரண்டு தடவை. மெக்னீசியம். கத்தி.
பெண். தொள்ளாயிரத்துப் பத்து கிராம்.
மூன்று மணி நேரம்.

இவ்வளவும் படிவத்தில் உண்டு.
அவள் கண் விழித்தது நான்காம் நாள் என்பதும்
அதற்குள் தத்தனேரியில்
மண் தள்ளி முடித்திருந்தார்கள் என்பதும்
கட்டங்களில் எங்கேயும் இல்லை.

"யாரும் ஒரு போட்டோ எடுக்கல.
என்ன சாடைன்னு கேட்டா
ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.
நீங்க கையெழுத்து வாங்கினீங்களே,
கொடியில கொஞ்சம் எடுத்து வெக்கிறோம்னு.
இருக்கா?"

இருந்தது.
மூன்றாம் தட்டு, ஏழாம் பெட்டி.
காட்டக் கூடாது.
திறந்தேன்.

வெண்புகை வழிந்து
அவள் வெறுங்காலில் படிந்தது.
உறைபனியைச் சுரண்டி எண்ணைக் காட்டினேன்.
சுண்டுவிரல் நகம் அளவு,
நாவற்பழக் கறை நிறத்தில்.
தொடக் கேட்பாளோ என்று பயம்.
கேட்கவில்லை.
"குளிருமே" என்றாள்.

அலாரம் கத்தத் தொடங்கியது. மூடினேன்.

"எங்க பக்கம் மாடு கன்னு போட்டா
நஞ்சுக்கொடிய வைக்கோலோட சாக்குல கட்டி
ஆலமரத்துல தொங்க விடுவோம்.
பால் மரத்துல கட்டினா பால் ஊறும்.
நீங்க எதுக்கு வெச்சிருக்கீங்க?"

பேராசிரியர் விளக்கியது எனக்கு மனப்பாடம்.
மாசம் ஏற ஏற
கருப்பையின் ரத்தக்குழாய் அகலணும்.
சிலருக்கு அகலாது.
"மடை திறக்காத கண்மாய் மாதிரி" என்றேன்.
"ஏன் திறக்கல?"
தெரியவில்லை.
"எங்க ஊர்க் கால்வாய்னு சொல்லுங்க.
கட்டியாச்சு, தண்ணிதான் வரல.
அதுக்கும் ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க."

சிரித்தாள். நானும், கொஞ்சம் தாமதமாக.

பிறகு குரலைத் தாழ்த்தி:
"பேரே நஞ்சுன்னுதான வெச்சிருக்கு.
அதுல இருந்துச்சா, இல்ல எங்கிட்டயா?"

ஆய்வு முடிய இன்னும் இரண்டு வருடம்.
ஆனால் இந்த ஒன்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.
"நீ தின்னது இல்ல. தூக்கினது இல்ல.
கிரகணத்தன்னிக்கு வெளிய போனது இல்ல.
நீ செஞ்சது எதுவுமே இல்ல."
சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை,
பெட்டியின் சிவப்பு எண்களையே பார்த்தாள்.
எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது.
கதவு திறந்த சூடு மெல்லத் தணிந்துகொண்டிருந்தது.

"மிச்சம் தெரிய?"
"இன்னும் நானூறு பேர் வேணும்."
"நானூறா!" நெஞ்சில் கைவைத்தாள்.
"அத்தனை பேருக்கா வரும்?"
"இல்லம்மா. நல்லபடியாப் பெத்தவங்களும் சேர்த்துத்தான்."
"அப்ப சரி."

தானாகவே சட்டைக்கையைச் சுருட்டி
மேஜையில் நீட்டினாள்.
நூற்றிருபத்தாறுக்கு எண்பது.
இரண்டு குழாய் ரத்தம்.
பென்சில் கோட்டை அழித்தேன்,
தாள் கொஞ்சம் தேய்ந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு
வாசலிலிருந்து திரும்பினாள்.
"கரண்டு போச்சுன்னா?"
"ஜெனரேட்டர் இருக்கு."
"டீசல் பாத்துக்கங்க."